சூடானால் மட்டும்

"கார்புரேட்டரைக் கழுவினால் போதும்" என்றான் டுவேன்,
என் அறுநூறு டாலரை எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டே.
விற்கிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
கழுவினால் போதுமென்றால்
நீயே கழுவியிருக்கலாமே, டுவேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து வண்டி.
இருநூறு சிசி, டூ ஸ்ட்ரோக், நான்கு குண்டுச் சக்கரம்.
ரிவர்ஸ் கிடையாது. முட்டிக்கொண்டால்
இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி. மிச்சிகனின் வடக்கு நுனி.
பாதி தூக்கிவைத்த கராஜ் கதவுக்கு வெளியே
இடுப்புவரை பனி.
உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர்,
முதியோர் இல்லத்து நைட் ஷிப்ட் முடிந்து
சட்டைகூட மாற்றாத நான்.

ஐந்தாவது உதையில் கிளம்புகிறது.
ஒன்பது நிமிஷம் நல்ல பிள்ளையாய் ஓடுகிறது.
பிறகு, இருமலில்லை, தடுமாற்றமில்லை,
பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதியில்

ஆறவிட்டு உதைத்தால் மறுபடி கிளம்பும்.
மறுபடி ஒன்பது நிமிஷம்.

கழுவினேன், டுவேன் சொன்னதற்காகவே கழுவினேன்.
ஜெட்டின் ஊசித்துளையில் கிட்டார் கம்பியை விட்டு எடுத்தேன்.
(கம்பி கார்வினுடையது. கிட்டாரைக் கொண்டுபோனவன்
கம்பிப் பொட்டலத்தை விட்டுப்போயிருந்தான்.)
பிளக் புதிது. பெட்ரோல் புதிது.
ஏர் பாக்ஸுக்குள் ஓர் எலிக்குடும்பம்
சீட்டுப் பஞ்சில் மெத்தை போட்டுக் குடியிருந்தது;
மன்னிப்புக் கேட்டு காலிசெய்ய வைத்தேன்.

முப்பது வருஷத்தில் எத்தனை கைகள் இதைத் தொட்டனவோ.
ஒருவன் அறுந்த ஒயரை
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றியிருக்கிறான்.
ஒருவன் என்ஜின் மூடியில்
சமையலறை அலமாரித் திருகைச் செருகியிருக்கிறான்.
ஆனால் யாரோ ஒருவர்
பிளக் துளையின் தேய்ந்த மரையைச் சீவியெடுத்து
புது மரைச்சுருளை அவ்வளவு நேராக இறக்கியிருக்கிறார்,
விரலால் சுழற்றினாலே பிளக் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.
பெயர் தெரியாத அந்த ஆளுக்காக
ஒரு நிமிஷம் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அடுத்த முறை அது செத்த உடனே
பிளக்கைக் கழற்றி, என்ஜினோடு ஒட்டிப் பிடித்து, உதைத்தேன்.
பொறி இல்லை.
இருபது நிமிஷம் ஆறிய பின் உதைத்தேன்.
நீலப் பொறி, கொழுத்த பொறி.

சரி. பெட்ரோல் வழக்கு தள்ளுபடி.

ஃப்ளைவீலைக் கழற்றும் கருவிக்கு மரை இடப்பக்கம்.
இது தெரியாமல் அரை மணி நேரம்
எதிர்ப்பக்கம் முறுக்கி மணிக்கட்டு வீங்கியது.
மரை கழண்டவள் என்று என்னை
என் அக்கா டெல்ஃபின் சொல்வதுண்டு.
போனில் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தாள்.

உள்ளே ஸ்டேட்டர்: செம்புக்கம்பிச் சுருள்கள்,
தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.
மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்தேன். முந்நூற்றுச் சொச்சம்.
ஆரோக்கியம், பழுதில்லை, பொய்.
குளியலறைக்குப் போய் ஹேர் டிரையரை எடுத்து வந்து
சுருளின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
முந்நூற்று இருபது. முந்நூற்று ஐம்பது.
பிறகு திரையில் எண்ணே இல்லை.
உள்ளே எங்கோ ஒரு மயிரிழை முறிவு,
குளிரில் ஒட்டிக்கொண்டும்
சூட்டில் விலகிக்கொண்டும்.

சூடானால் பேச்சை நிறுத்துகிற ஒருவனோடு
ஆறு வருஷம் இருந்திருக்கிறேன்.
எங்கே ஊசி வைத்து அளப்பதென்று கடைசிவரை தெரியவில்லை.
இதற்கு எண்பத்தைந்து டாலர், தபால் இலவசம்.

பதினோரு நாள் கழித்துப் பொட்டலம் வந்தது.
பூட்டி, முடுக்கி, உதைத்தேன்.
எட்டு. ஒன்பது.
ஒன்பதில் என் மூச்சுதான் நின்றது.
பத்து. பதினொன்று.
நீலப் புகை கதவுக்கடியில் குனிந்து பனிக்குப் போனது.
எதிர்வீட்டு ஹெய்க்கினென் வராந்தா விளக்கைப் போட்டார்,
மணியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், அணைத்தார்.

பதினான்காவது நிமிஷம் ஸ்விட்சைத் தட்டினேன்.
இந்த முறை நிறுத்தியது நான்.

இரண்டாம் கியரில் ஏதோ கடகடக்கிறது.
கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு
தூங்கப் போனேன்.