மேற்படி விடயம் சார்பாக

செங்கலடி நெல் களஞ்சியத்தில்
கல்யாண வாடகைக் கதிரைகள் நூற்றெண்பது.
எனக்கு ஏழாம் வரிசை.
சுவரில் இன்னும் அழியாமல்
'ஈரப்பதன் 14 வீதம்.'

ஓப்பரா என்றார்கள்.
மீன் பாடுமோ என்று பயந்துகொண்டுதான் போனேன்.
பாடவில்லை. அதற்கு முதல் நன்றி.

பாடியவை கடிதங்கள்.
காணிக்காக எழுதின முப்பது வருடத்து மனுக்கள்,
திகதி, ஊடாக, ஒப்பம் எல்லாம் சேர்த்து.
அனுலோஜினி நடுவில் வந்து நின்றாள்.
'மேற்படி விடயம் சார்பாக'
மூன்று சொல், ஆறு நிமிடம்.
'மேற்' என்று ஏறியவள் 'படி'யில் இறங்காமல்
அங்கேயே நின்றாள்
கூரைத் தகரம் ஒருதரம் அதிருமட்டும்.

நாளைக்கு நாற்பது தரம்
அதைத் தட்டச்சு செய்கிறவள் நான்.

குறையையும் சொல்லத்தான் வேணும்.
துக்கமென்றால் நீல வெளிச்சம் என்று
யாரோ இவர்களுக்குப் பழக்கிவிட்டார்கள்.
இரண்டாம் அங்கத்தில் பார்தலோட்டின் செல்லோ
சொல்லையெல்லாம் விழுங்கிற்று;
மத்தளம் பாவம், இடம் கேட்டுக் கேட்டு ஒலித்தது.
உயரத்திலிருந்து கோப்புகளைக் கொட்டினார்கள்.
படம் எடுக்க நல்லது.
உண்மையில் கோப்பு விழுந்தால்
தூசி எழும்பும், யாராவது தும்முவார்கள்.
இங்கே ஒருவரும் தும்மவில்லை.

பக்கத்துக் கதிரை றிஸ்மியா
'மறுகா எப்பகா முடியும்?' என்று
மூன்று தரம் கேட்டாள்.
நாலாவது கேட்கவில்லை.
ஏனென்றால் அப்போதுதான்
இருபது பேர் வெள்ளைச் சட்டையோடு வந்து
பதில் பாடினார்கள்:
'கவனத்தில் எடுக்கப்படும்.'
ஒரே சுரம். கமகம் இல்லை.
மூச்சு எங்கே எடுத்தார்கள் என்றும் தெரியவில்லை.
இசையமைத்த பிள்ளை யாரோ,
எங்கள் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறது.

பிறகு கோப்பு இலக்கங்கள், ஒவ்வொன்றாக, மெல்ல.
கா/7/214 என்றபோது
பின்னாலிருந்து ஒரு ஆள் எழும்பி
'அது எங்கட' என்றார்.
செல்லோ நின்றது.
நடத்துனரின் கோல் காற்றில் அப்படியே.
அனுலோஜினி அவரைப் பார்த்தாள்,
அரை நிமிடம் இருக்கும்,
விட்ட சுரத்திலிருந்தே தொடங்கினாள்.

அவரும் நடிகர்தானா?
நடிகரென்றால் மலிவான உத்தி,
நான் மதிப்பெண் குறைப்பேன்.
கடைசி பஸ்ஸில் றிஸ்மியா
அவர் நடிகரேதான் என்று அடித்துச் சொன்னாள்,
செருப்பு புதுசாம்.

நான் ஒன்றும் பேசவில்லை.
214 எனக்குத் தெரியும்.
அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.
தேத்தண்ணிக் கேத்தலை
அதன் மேல்தான் வைக்கிறோம்.