பதினெட்டு மணி நேரம்

கும்பகோணத்து முலாம் பட்டறைக் கசடு, மஞ்சள்.
இரும்பு உப்பு போட்டால் பச்சையாகிறது.
நாற்றுப் பச்சை என்று சொல்ல வாய் வரவில்லை.
சுண்ணாம்பு, சிமெண்ட், கொஞ்சம் சாம்பல்.
இருபத்தெட்டு நாள் இறுகிய கட்டியை
உடைத்து, புளிப்பேற்றிய நீரில் போட்டு
பதினெட்டு மணி நேரம் உருட்டுகிறோம்,
கக்கு, கக்கிவிடு என்று
ஸ்டேஷனில் விசாரிப்பதுபோல.

ராத்திரி இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
முதலிலிருந்து, என்றாள் ரெஜினாமேரி.

இன்று முடிவு வந்தது.
குரோமியம், லிட்டருக்கு அரை மில்லிகிராம்.
தேறிவிட்டது.
லாரிக்காரர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

கை கழுவப் போனேன்.
அடிபம்பை இரண்டு தடவைதான் அழுத்தினேன்,
அதற்குள் தண்ணீர்.
அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது இங்கே.

பதினெட்டு மணி நேரத்துக்குக்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மண்ணுக்கடியில் அரசலாற்றுக்கு
அவசரமே இல்லை.