படலைச் சாத்தினேனா

வரைபடத்தில் இது ஒரு மஞ்சள் கோடு.
முப்பத்தெட்டு கிலோமீட்டர், எளிது என்று போட்டிருக்கிறது.
போட்டவள் நான்தான்.

லார்ச் மரங்களுக்குக் கீழேயே தார் முடிந்துவிடும்.
டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினேன்.
இந்தக் கற்களுக்கு இறுகிய சக்கரம் பிடிக்காது.
சரளை பேசத் தொடங்கியது,
வாய் நிறைய அவலோடு பேசுகிறவரைப் போல.
பால் வண்டியோடு யாச்சன் எதிரே வந்தான்;
ஒதுங்கிக்கொள்ள ஆல்ப்ஸ் எனக்குக் கொடுத்தது
ஒரு முழம்.

பிறகு குர்டினின் மேய்ச்சல் நிலம்.
மரப்படலில் அவன் கையெழுத்து:
"சாத்து. உன்னைத்தான்."
அறுபது பசுக்கள்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் வேறொரு சுருதியில் மணி.

கணவாய் தாண்டி இறக்கம்.
பிரேக்கை விட்டேன்.
பனியுருகிய ஓடை மூன்று முறை குறுக்கே வந்தது,
மூன்று முறையும் கணுக்கால் நனைந்தது.
ஊர்க் கோபுரம் தெரிந்தபோதுதான் அந்தக் கேள்வி:
கொக்கியை மாட்டினேனா?

விரல்களில் இரும்பின் குளிர் இருக்கிறது.
அது இன்றையதா, போன வாரத்துடையதா?

நானூற்று இருபது மீட்டர் ஏற்றம்.
திட்டிக்கொண்டே மிதித்தேன்.
யாரை என்று தெரியவில்லை.
கடைசி வளைவில் இறங்கித் தள்ளினேன்.

கொக்கி மாட்டித்தான் இருந்தது.
அதன்மேல் நீலக் கயிற்றில் இரட்டை முடிச்சு;
அது என் வழக்கமில்லை.
தூரத்தில் குர்டின் பசுக்களுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினான்.
வணக்கமா, போய்த்தொலை என்பதா?

இரவு, மஞ்சள் கோட்டின் கீழே
"எளிது" என்பதை அடித்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்,
வேறு சொல் அகப்படாமல்.