ஒற்றைப்படை மாதங்கள்

ஓய்வூதியம் வருவது இரட்டைப்படை மாதங்களில்,
பதினைந்தாம் தேதி.
பதினைந்து ஞாயிறானால்
வெள்ளிக்கிழமையே வந்துவிடும்.
அந்த இரண்டு நாளை லாபம் என்று எண்ணாதே என்பாள் யாசுயோ.
அடுத்ததற்கு அத்தனை நாள் கூடக் காத்திருக்கணும்.

நாற்பது வருடம் பஸ் கம்பெனியில்
கால அட்டவணை போட்டவன் நான்.
நோஷிரோ ரயிலடியிலிருந்து துறைமுகம் வரை
எந்த வண்டி எந்த வளைவில் எத்தனை நிமிஷம் பிந்தும் என்று
பனிக்காலத்துக்கும் சேர்த்துச் சொல்வேன்.
அறுபது நாளுக்கு ஒரே வண்டி என்றால்
நடுவில் நிற்கிறவன் என்ன செய்வான் என்று
அப்போது யோசித்ததில்லை.

கணக்குப் புத்தகம்
பெண்கள் இதழோடு வருஷக் கடைசியில் இலவசமாக வருகிறது.
இதழின் விலையை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதில்
எங்களுக்குள் ஆண்டுக்கொரு சண்டை.

செவ்வாய்தோறும் மண்ணெண்ணெய் வண்டி
பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும்.
குழந்தைப் பாட்டு.
பதினெட்டு லிட்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
நான் ஓடுவதும் குழந்தை மாதிரிதான் இருக்குமாம்.
ஒரு அறையை மட்டும் சூடாக்குகிறோம்.
மற்ற அறைகள் வெளிநாடு;
கோட்டுப் போட்டுக்கொண்டு போய்வருகிறோம்.

ஏழு மணிக்குமேல் மீனுக்குப் பாதிவிலைச் சீட்டு ஒட்டுவார்கள்.
ஒட்டுகிற பையனின் கையைப் பார்க்காத மாதிரி
சோயா பாட்டில்களின் முதுகைப் படித்தபடி நிற்போம்,
எங்களைப்போல் ஏழெட்டுப் பேர்.
அங்கே யாரும் யாருக்கும் தலைவணங்குவதில்லை.
கடைக்கு வெளியே வந்தபின்
அப்போதுதான் பார்த்ததுபோல் வணங்கிக்கொள்வோம்.

அரிசி, மின்சாரம், பல் வைத்தியர்,
கூரைப்பனி தள்ள வரும் ஆளுக்குக் கூலி,
எல்லாவற்றுக்கும் பத்தி பிரித்தாகிவிட்டது.
பிரிக்க முடியாதது
இழவு வீட்டு மொய்.

பக்கத்து வீடென்றால் மூவாயிரம்,
கூட வேலை பார்த்தவனென்றால் ஐயாயிரம்.
இரட்டைப்படையில் வைக்கக் கூடாது.
புது நோட்டு வைக்கக் கூடாது,
எப்போது போவான் என்று எடுத்துவைத்திருந்த மாதிரி ஆகிவிடும்.
இயந்திரம் துப்புவதெல்லாம் புது நோட்டு.
நடுவில் ஒரு மடிப்பு மடித்து
அதற்கு வயதாக்குவாள் யாசுயோ.

போன வருஷம் ஏழு பேர்.
இந்த வருஷத்துக்கு எத்தனை என்று முன்கூட்டி எழுதவும் கூசுகிறது,
எழுதாமல் விட்டால் கையைக் கடிக்கிறது.

அவள் ஒரு வழி கண்டாள்.
கொடுத்ததில் பாதி மதிப்புக்கு
அந்த வீட்டிலிருந்து பதில் மரியாதை வரும்.
சிலர் துண்டு, சிலர் கடற்பாசி,
பெரும்பாலும் தேயிலை.
ஆகவே பத்தியின் தலைப்பு: தேநீர்.
மாதம் நாலாயிரம்.
அடுக்களை அலமாரியில் டப்பாக்கள் மூன்று வரிசை.
நாங்கள் காசு கொடுத்துத் தேயிலை வாங்கி
மூன்று வருஷமாகிறது.

நவம்பர் இருபத்துநாலு, இனாகாகி போனான்.
ஆறாம் நம்பர் தடத்தில் ஓட்டியவன்;
என் அட்டவணையை ஒருநாளும் மதித்ததில்லை,
ஓடிவருகிற யாருக்காகவும் நிறுத்துவான்.
டிசம்பர் பதினைந்துக்கு இன்னும் இருபத்தோரு நாள்.
தேநீர்ப் பத்தி ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது.

ஐயாயிரம் போதும் என்றாள்.
பத்தாயிரம் என்றேன்.
அவள் மறுக்கவில்லை, ரப்பரை எடுத்தாள்.

மறுநாள் செவ்வாய்.
பாட்டு தெருமுனையில் தொடங்கி
எங்கள் வாசலில் கொஞ்சம் தயங்கி
தாண்டிப் போயிற்று.
சூடான அறையும் அன்று வெளிநாடாயிற்று.
கோட்டோடு உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

இது யாருடையது?
ஓகுராவோடது. மே மாதம்.
நல்ல இலை.
அவர் கஞ்சன் இல்லையே.

நமக்கு வரப்போவதை எந்தப் பத்தியில் எழுதுவாய் என்று கேட்டேன்.
பென்சில் முனையை விரலில் குத்திப் பார்த்தாள்.
எழுத மிஞ்சுகிறவர் பாடு அது, என்றாள்.

பிறகு அதே இலையில்
இரண்டாம் முறையும் வெந்நீர் ஊற்றினாள்.
கொஞ்சம் நிறம் இருந்தது.