எண் 214, பாலத்தடி

விடியும் முன் என் வேலை, எண்ணுவது.
தொட்டி நான்கில் அறுபத்தொன்று,
ஐந்தில் தொண்ணூறு,
ஆறில் எண்ணவில்லை, வாளியால் அள்ளினேன்.
விரல் நீள சால்மன் குஞ்சுகள்.
வயிற்றைக் கீறினால்
ஈரலில் ரவை தூவியதுபோல் வெள்ளை.

எல்லோரும் ஆற்றைத்தான் சொன்னார்கள்.
மேலே மர ஆலை இருக்கிறது,
அதற்கும் மேலே மாட்டுப்பண்ணை,
போதாததற்குப் பனி உருகிய வண்டல்.

போர்ட்லண்டிலிருந்து வெர்னா ஸ்ட்ரௌட் வந்தாள்,
இரண்டு பெட்டி பாட்டில்களோடு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
அவள் ஆற்றையே அளந்தாள்.
மடைவாயில் ஒன்று, ஆலைக்குக் கீழே ஒன்று,
பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று
உதடு நீலம் பாரிக்க இன்னொன்று.
மணல் வடிகட்டி கட்டச் சொன்னாள்.
சிமெண்ட் குழைத்தது நான்.
தெளிந்த தண்ணீரில்
தெளிவாகத் தெரியச் செத்தன.

மூன்றாம் வருடம், ஒரு மழைக்கு
இரைக் கொட்டகையில் ஒதுங்கினாள்.
நான் அரைத்துக்கொண்டிருந்தேன்.
"என்ன அது, ஈனோ?"
முட்டை எடுத்தபின் மிஞ்சும் பெரிய மீன்தான்.
தலை, குடல், ஈரல், எல்லாம்.
எதையும் வீணாக்காதே என்று
துறையின் ஆணை சுவரில் ஒட்டியிருக்கிறதே.
"பச்சையாகவா?"
"வேறெப்படி?"
பென்சிலைத் தேடினாள்.
காதில் இருந்தது.

அன்றிரவு கண்ணாடியில் ஒரு துளி ஈரலைத் தேய்த்து
சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி
அமிலத்தில் கழுவி, நீலம் தோய்த்து
என்னையும் பார்க்கச் சொன்னாள்.
நீல வயலில் சிவந்த குச்சிகள்,
கொத்துக் கொத்தாய்.
காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றாள்.
என் அண்ணன் ஆஸ்டோரியாவில் அதில்தான் போனான்.
சொல்லவில்லை.

கடலுக்குப் போன மீன்
பிறந்த தண்ணீரை மோப்பம் பிடித்துத் திரும்புகிறது.
முட்டையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.
உடலைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறோம்,
உடலோடு அதையும்.
பிழைத்த குஞ்சு கடலுக்குப் போகும். திரும்பும்.
அரைவையின் கைப்பிடியில்
பதினோரு வருடமாக என் கை.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இப்போது கொதிகலன் வந்துவிட்டது.
இரையை வேகவைத்துப் போடுகிறோம்.
கொட்டகை முழுக்க அடுக்களை வாசனை,
எங்கிருந்தோ ஏழு பூனைகள்.
தொட்டி நான்கில் நேற்று மூன்று.
இன்று ஐந்து.
ஐந்து ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.
இன்னும் இரண்டு வருடம் எண்ணச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜன்னல் விளிம்பில் ஒரு பாட்டிலை மறந்துவிட்டாள்.
எண் 214, பாலத்தடி.
மூன்று வருடம் கூண்டில் நின்ற தண்ணீர்,
அடியில் சிட்டிகை மணல்.
எடுத்துக்கொண்டு பாலம் வரை நடந்தேன்.
மெழுகு இறுகியிருந்தது.
நகத்தால் சுரண்டித் திறந்து
எடுத்த இடத்திலேயே
ஊற்றினேன்.