மொழிமுதல்

வீடுகள் ஆறு.
மனுக்கள் நூற்றுப் பதினேழு.
புன்னவிளைப் பேரூராட்சியின்
வீட்டுவசதி ஆலோசனைக் குழுவுக்கு
மூன்று மணிக்கு டீயும் பழம்பொரியும் சொல்லியிருந்தது.

மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.
ஓலைக் கூரைக்குப் பத்து, தகரத்துக்கு எட்டு.
விதவைக்குப் பதினைந்து,
புருஷன் விட்டுப்போனவளுக்குப் பன்னிரண்டு.
மூன்று ஏன் குறைந்தது என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
பட்டாவோடு ஒன்றரை சென்ட் இருந்தால் இருபது.
கடல் தின்ற ஒன்றரை சென்டை
எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை.

ஐந்து பெயர்கள் அதிகச் சத்தமில்லாமல் முடிந்தன.
நான்காவதுக்கு மட்டும்
'மருமவனுக்கு வள்ளம் உண்டும்லா' என்றார் ஒருவர்.
'வள்ளத்துலயா கெடந்து உறங்குவா?'
என்றாள் செலஸ்டினா.

ஆறாவதில் நின்றது.
அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு.

குளத்தங்கரை விமலா:
தென்னையிலிருந்து விழுந்த கணவன்
மூன்று வருடமாய்க் கட்டிலில்.
மழை இறங்கினால் கட்டிலை நகர்த்த
பக்கத்து வீட்டுப் பையன்கள் வேண்டும்.

கடற்கரை ரோஸ்லெட்:
அண்டியாபீசில் தோடு உடைத்து
விரல்நுனி வெந்தவள்.
ரேகை இல்லையென்று
ரேஷன் மெஷின் மாதம் இருமுறை திருப்பி அனுப்பும்.
அலை தட்டும் சுவர், இரண்டு பெண்பிள்ளைகள்.

சமமாக வந்தால் அகரவரிசை:
வழிகாட்டுதல், பக்கம் ஒன்பது.
ர முன்னால். வ பின்னால்.
அவ்வளவுதான். டீ வந்துவிட்டது.

அப்போதுதான் ரேஷன் கார்டு நகலைப் புரட்டினேன்.
எங்கள் பக்கத்து வழக்கப்படி
றோஸ்லெட்.
ஆதாரில்தான் சின்ன ர.
வகரத்தைத் தாண்டி, ழ, ள எல்லாம் தாண்டி
தெருக்கோடிக்கு முந்தின வீட்டில் இருக்கிறது ற.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன்.

ஞானசிகாமணி சார் முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தியவர்.
பழம்பொரியைத் தட்டில் வைத்தார்.
'மொழிக்கு முதலில் றகரம் வராது.
அந்த எழுத்துக்கு முன்வாசலில் இடமே கிடையாது.
பிழை. ர என்று திருத்து.'

'கோயில் பொஸ்தகத்துல அப்பிடித்தான் கெடக்கு.
பிழைன்னா எங்க கடப்பொறத்துல
பாதிப் பேரும் பிழைதான்!'
கோபத்தில் எழுந்தே விட்டாள் செலஸ்டினா.
பிறகுதான்
யாருக்கு எதிராகப் பேசினோம் என்று புரிந்து
மெல்ல உட்கார்ந்தாள்.

தாணுலிங்கம் வங்கியில் இருந்தவர்.
'ஆளு வெளியிலதானே நிக்கா.
கையெழுத்து எப்படியோ அதுதான் பேரு.'

வந்தாள்.
எதற்கென்று சொல்லவில்லை,
சொல்வது விதிமீறல்.
ஒரு வெள்ளைத்தாள், என் பேனா.
பேரை எழுதச் சொன்னோம்.

முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு
முதலில் இரட்டைக் கொம்பைப் போட்டாள்.
அது வரைக்கும் இரண்டு பேருக்கும் வீடு இருந்தது.
பேனா கொஞ்சம் நின்றது, மை பிடிக்கவில்லை,
உதறினாள்.
பிறகு வேதபாட வகுப்பில் படித்த மாதிரியே
உருட்டி, வளைத்து,
கோட்டுக்குக் கீழே வாலை நன்றாக இழுத்துவிட்டாள்.

மின்விசிறி தாளைத் தூக்கப் பார்த்தது.
அவளே உள்ளங்கையால் அமுக்கி
என் பக்கம் திருப்பினாள்.
'எழுத்து செரிதானா பிள்ளே?'

'செரிதான் அக்கா.'

தன் கிளாசை அவளிடம் நீட்டினாள் செலஸ்டினா.
வேண்டாம், இப்போதான் குடித்தோம் என்றாள்.
குடித்தோம் என்றது
வெளியே பெஞ்சில் விமலாவையும் சேர்த்து.
போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.