கழிவு வெப்பம்

மூஸ் ஜாவில் இன்றிரவு மைனஸ் முப்பத்தெட்டு.
காற்றையும் சேர்த்தால் நாற்பத்தொன்பது என்கிறது ரேடியோ.
காற்றைக் கழித்துச் சொல்ல அதற்கு வாய் வருவதில்லை.

நானோ நிலவறை வாடகை அறையில்
பதினொரு பேரைச் சூட்டிலிருந்து
காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பாறைக்குள் குடைந்த ஊர்.
உலை, ஜெனரேட்டர், ஆட்களின் மூச்சு
எல்லாம் சேர்ந்து வயலில் முப்பத்தாறு டிகிரி.
கிழங்குக் கொடி சாகவில்லை, வளரவுமில்லை.
மெர்வின் மண்வெட்டியைப் போட்டுவிட்டு
சுவரைப் பார்த்து அழுகிறான்.
(பெயர்கள் நான் வைத்தவை.
மெர்வின் என் பழைய மேனேஜர்.)

முதலில் ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து கொட்டினேன்.
உருகி, வெந்நீராகி, கணுக்கால்வரை நின்றது.
சூடு சாகாது.
என்னைப் போல ஓரிடத்தில் காலிசெய்து
இன்னோரிடத்தில் அட்வான்ஸ் கொடுக்கும்.

ஆகவே இம்முறை வட்டம்.
உள்ளே ஓடுவது சாக்கடை நீர்:
நல்ல தண்ணீர் பூஜ்யத்திலேயே கல்லாகிவிடும்,
அழுக்கு இன்னும் இருபது டிகிரி தாங்கும்.
வயலுக்குள் செம்புக் குழாய், கொடுத்து வாங்க.
வழியெல்லாம் கல் போர்த்திய குழாய், வாய் திறவாமல் போக.
முடிவில் குளிரூட்டி.
சுற்றுக்குப் பதினான்கு டிகிரி பறிக்கும்,
பறித்ததைத் தன் தலையிலேயே கொட்டிக்கொள்ளும்.
அதைத் தொட்டியில் உட்காரவைத்தேன்.
தொட்டி கொதித்து ஆவி மேலேறி டர்பைன் சுழன்று
போன மின்சாரத்தில் கொஞ்சம் கைக்குத் திரும்பி
இருபத்திரண்டு டிகிரி!
கொடி அசைந்தது.
மெர்வின் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

கொண்டாட ஒரு டீ.
குழாயைத் திறந்தேன்.
ஓர் ஏப்பம். அப்புறம் ஒன்றுமில்லை.

வடக்குச் சுவரை ஒட்டி வரும் குழாய்.
ஹ்ரிட்சுக் முதல் நாளே சொன்னார்,
குளிர் முற்றினால் சொட்டவிடு என்று.
பதினொரு பேர் நினைப்பில் விட்டுப்போயிற்று.
மேலே தூங்குகிறார்,
நாலு மணிக்குப் பனி தள்ளும் வண்டி எடுக்க வேண்டியவர்.
என்னிடம் ஹேர் டிரையர் இல்லை.
காயவைக்க முடியும் இல்லை.

அப்போதுதான் கால் விரலில் இதமாக ஏதோ பட்டது.
மேஜைக்கடியில் கம்ப்யூட்டரின் பின்விசிறி
நாய் போல் இரைத்துக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடுங்காமல் இழுத்துவந்தேன்.
முதுகைத் தொட்டியடி அலமாரிக்குள் திருப்பி
போர்வையால் கூடாரம் போட்டேன்.
ஆட்டத்தின் வேகத்தை மூன்றாக்கினேன்.
தோண்டு என்றேன், கட்டு என்றேன்,
கட்டியதை இடி என்றேன்.
பதினொரு பேரும் ஓடினார்கள்.
அங்கே வயல் குளிரக் குளிர
இங்கே இரும்பில் வியர்வை.
மூடிவிட்டேன் என்று நினைத்த வட்டத்துக்கு
ஒரு முனை
என் முழங்கால் பக்கம் திறந்தே இருந்திருக்கிறது.

மூன்றே முக்காலுக்குச் சுவருக்குள் 'டக்'.
வெடித்ததா, விட்டதா?
குழாய் இருமியது.
துருநிறத்தில் ஒரு சொட்டு.
இன்னொன்று. பிறகு நூல்.
மேலே பூட்ஸ் சத்தம், வண்டி உறுமல்.

திரும்பினால் திரையெங்கும் சிவப்பு.
ஓட்டத்தில் யாரோ சென்சாரை இடித்திருக்கிறார்கள்,
நான்தான் சொல்லியிருப்பேன்.
செம்பு உறைந்து பிளந்து
மெர்வின் முழங்கால் சாக்கடையில்.

இருப்பா, வரேன் என்றேன்
வாளியை நிரப்பிக்கொண்டே.